இன்னோவாவைத் தாழ்த்துவது: ஏழு பேரையும் ஏற்றிவிட்டு அளவெடுங்கள்

டொயோட்டா இன்னோவாவின் உயரத்தைக் குறைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் காலி வண்டியைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே தெரியும் இடைவெளி கண்ணை உறுத்துகிறது. இரண்டு அங்குலம் இறக்கினால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் அந்த வண்டி ஓடப்போவது தாத்தா பாட்டி, பிள்ளைகள், பெட்டி படுக்கை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டுதான். குடும்ப வண்டியின் உயரத்தை நிறைந்த வண்டியில் வைத்தே தீர்மானிக்க வேண்டும். இந்த அத்தியாயத்தின் ஒவ்வொரு அளவும் ஒவ்வொரு எச்சரிக்கையும் இந்த ஒரு விதியிலிருந்து வருவதுதான்.

இங்கே சொல்வது 2005-இல் இந்தியாவுக்கு வந்த முதல் இன்னோவாவுக்கும் 2016-இல் வந்த கிரிஸ்டாவுக்கும் பொருந்தும். இரண்டும் தனிச் சேஸிஸ் மேல் பாடி உட்கார்ந்த, பின்சக்கரம் இழுக்கும் வண்டிகள். இன்னோவா ஹைகிராஸ் முன்சக்கரம் இழுக்கும் வண்டி. அதற்குத் தனிச் சேஸிஸும் கிடையாது. அதற்கு இந்தக் கணக்குகளைப் போடாதீர்கள்.

முதலில் சட்டம்

ஸ்பானரைத் தொடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது இது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

ஆகவே என்ன செய்யப் போகிறீர்கள், எந்த ஸ்பிரிங், எவ்வளவு இறங்கும் என்று எழுதி உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு கடிதம் போடுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி விபத்து கிளெய்மை மறுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். அனுமதி கிடைக்கவில்லை என்றால் பொதுச்சாலையில் ஓடும் வண்டியில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். அப்போதும் இந்த அத்தியாயத்தின் பாதி உங்களுக்குப் பயன்படும்: தொய்ந்துபோன சஸ்பென்ஷனைக் கண்டுபிடித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர இதே அளவுகள்தான் வேண்டும்.

தாழ்த்தினால் என்ன கிடைக்கும்?

வண்டியின் எடை மையம் கீழே வரும், வளைவில் சாய்வு குறையும் என்பார்கள். உண்மைதான், எவ்வளவு குறையும் என்று பாருங்கள். எடை மையம் தரையிலிருந்து 700 மி.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 மி.மீ. இறக்கினால் வளைவில் வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும் பளு சுமார் 4 சதவீதம் குறைகிறது. அவ்வளவுதான்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. இன்னோவாவின் முன்பக்கம் டபுள் விஷ்போன் அமைப்பு. பாடி இறங்கும்போது மேல் ஆர்மும் கீழ் ஆர்மும் கோணம் மாறுகின்றன. வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடினால் சாயவைக்கும் விசையும் கூடும். அளவுக்கு மீறி இறக்கிய வண்டி, விறைப்பான ஸ்பிரிங் இல்லாமல் போனால், முன்னைவிட அதிகமாகவே சாயலாம்.

நெடுஞ்சாலையில் வண்டி மிதப்பதுபோல் ஆடுகிறது, லேன் மாறும்போது பின்பக்கம் தள்ளுகிறது என்பதுதான் உங்கள் குறை என்றால், உயரத்தில் கை வைக்காதீர்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா, டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்திருக்கிறதா, பின் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் ஆர்ம் புஷ்கள் வெடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். லட்சம் கிலோமீட்டர் தாண்டிய இன்னோவாவில் நான்கு புதிய ஷாக்குகளும் ஒரு செட் புஷ்களும் கொடுக்கும் நிதானத்தை எந்த லோயரிங் ஸ்பிரிங்கும் கொடுக்காது.

அளவெடுப்பது

சமதளமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்துங்கள். கதவருகே உள்ள ஸ்டிக்கர் சொல்லும் அளவுக்குக் காற்று, நிறைந்த டேங்க். பிறகு வரிசையாக:

1. சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து, நான்கு சக்கரத்துக்கும் எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுக்கும். இடது வலது 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால் ஒரு ஸ்பிரிங் தொய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

2. பின்பக்கம் பம்ப் ஸ்டாப்பருக்கும் (சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது அடியைத் தாங்கும் ரப்பர்) அது போய் முட்டும் இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளங்கள்.

3. வண்டியின் நடுவயிற்றில், இரண்டு ஆக்ஸில்களுக்கும் மத்தியில், சைலன்சர் குழாயோ குறுக்குச் சட்டமோ எது தாழ்வாக இருக்கிறதோ அதன் உயரத்தை அளங்கள்.

4. இப்போது ஏழு பேரையும் ஏற்றுங்கள். ஊருக்குப் போகும்போது டிக்கியில் வைக்கும் பெட்டிகளையும் வையுங்கள். பத்து மீட்டர் முன்னே போய்ப் பின்னே வந்து நிறுத்தி, எல்லோரும் உள்ளே இருக்கும்போதே மூன்று அளவுகளையும் மறுபடி எடுங்கள்.

இங்கே ஒரு விஷயம். பின் ஆக்ஸிலின் கிரவுன் ஹவுசிங்கை அளந்து அதையே தரை இடைவெளி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹவுசிங் சக்கரத்தோடு இருப்பது. ஸ்பிரிங்கை மாற்றினால் அது ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது. இறங்குவது பாடியும் அதோடு சேர்ந்த குழாய்களும்தான். வயிற்றை அளக்கச் சொல்வது இதனால்தான்.

அளவு நாடா சொல்லாததை ஒரு உருண்டைக் களிமண் சொல்லும். பிள்ளைகள் விளையாடும் வண்ணக் களிமண்ணைக் கட்டை விரல் அளவு எடுத்து, பம்ப் ஸ்டாப்பர் முட்டும் இடத்தில் ஒட்டுங்கள். ஏழு பேரோடு வழக்கமாகப் போகும் வழியில் ஒரு சுற்று போய்விட்டு வந்து குனிந்து பாருங்கள். உருண்டை உருண்டையாகவே இருந்தால் கீழே இன்னும் இடம் இருக்கிறது. நசுங்கியிருந்தால் எஞ்சியிருக்கும் தடிமன்தான் அந்தப் பயணத்தில் மிச்சம் இருந்த இடம். தட்டையாகி ரப்பரின் வரிகள் அதில் பதிந்திருந்தால், இன்றைய உயரத்திலேயே உங்கள் வண்டி ஸ்டாப்பரைத் தொடுகிறது. அந்த வண்டியின் பின்பக்கத்தை இறக்கக் கூடாது.

எவ்வளவு இறக்கலாம்?

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. காலி வண்டியில் ஸ்டாப்பர் இடைவெளி 90 மி.மீ., ஏழு பேர் ஏறியதும் 40 மி.மீ. என்றால், பளு வண்டியை 50 மி.மீ. இறக்குகிறது. புதிய ஸ்பிரிங் 10 சதவீதம் விறைப்பு கூடியது என்றால் அதே பளுவுக்கு சுமார் 45 மி.மீ. இறங்கும்.

50 மி.மீ. தாழ்த்தினால்: 90-இல் 50 போய், 45-உம் போனால், கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே 5. அதாவது நின்ற இடத்திலேயே வண்டி ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும். முதல் பள்ளத்திலேயே அடி நேராகச் சேஸிஸுக்குப் போகும். 30 மி.மீ. தாழ்த்தினால் மிச்சம் 15. இதுவும் போதாது. நிறைந்த வண்டியில் குறைந்தது 30 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் வரம்பு. அப்படிப் பார்த்தால் இந்த வண்டியின் பின்பக்கம் 15 மி.மீ. மட்டுமே இறங்கலாம். சிலர் ஸ்டாப்பரைப் பாதி அறுத்துவிட்டு இடம் கிடைத்துவிட்டது என்பார்கள். ரப்பர் வாங்க வேண்டிய அடியை ஷாக் அப்சார்பரின் உள்பிஸ்டன் வாங்கும், ஷாக் உடையும். இதை அனுமதிக்காதீர்கள்.

காலி இன்னோவா பின்பக்கம் சற்றுத் தூக்கலாக நிற்பதைப் பலர் குறையாகப் பார்க்கிறார்கள். பின்வரிசையில் மூன்று பேரும் டிக்கியில் பெட்டிகளும் ஏறியதும் வண்டி சமமாக நிற்க வேண்டும் என்பதற்காக விடப்பட்ட உயரம் அது. முன்பக்கம் 25, பின்பக்கம் 15 என்ற அளவில் நின்றுவிடுவது பெரும்பாலான குடும்பங்களுக்கு உச்சவரம்பு. உங்கள் அளவுகள் இதைவிடக் குறைவாகச் சொன்னால் அதற்குக் கட்டுப்படுங்கள்.

வேகத்தடைக் கணக்கு

இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 செ.மீ. உயரமும் கொண்ட, 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. இன்னோவாவின் முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 2,750 மி.மீ. தூரம். வேகத்தடை அதைவிட அகலம் என்பதால் இரண்டு சக்கரங்களும் ஒரே நேரத்தில் அதன் மேல் ஏறி நிற்கும். அப்போது வயிற்றுக்குக் கீழே மேடு எழும்புவது சுமார் 56 மி.மீ. மட்டுமே.

நம் தெருக்களில் பார்ப்பது வேறு. கல்லையும் தாரையும் கொட்டி ஊர்க்காரர்களே போட்ட, ஒரு மீட்டர்கூட அகலமில்லாத மேடு. முன்சக்கரம் தாண்டிவிடும், பின்சக்கரம் இன்னும் ஏறியிருக்காது. மேட்டின் முழு உயரமும் வயிற்றுக்குக் கீழே வந்து நிற்கும்.

நடுவயிற்று உயரம் காலியாக 190 மி.மீ. என்று வையுங்கள். பளுவில் நடுப்பகுதி 35 இறங்கினால் 155. உங்கள் தெரு மேடு 120 என்றால் இன்று தட்டாமல் தாண்டுகிறது. முன்னும் பின்னும் 40 மி.மீ. தாழ்த்தினால் 115, சைலன்சர் உராயும். முன்னே 25, பின்னே 15 என்றால் நடுவில் இறங்குவது 20. மிச்சம் 135, மெதுவாகப் போனால் தப்பும். உங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோடு வரை உள்ள மேடுகளில் உயரமானது எது என்று அளந்துவிட்டு ஸ்பிரிங் வாங்கப் போங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங் சரிவு சமதளத்தோடு சேரும் விளிம்பையும் மறக்காதீர்கள். மழைத்தண்ணீர் தேங்கும் தெருவில் இருந்தால், இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயின் வாயும் அதே அளவு கீழே வருகிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

காயிலை வெட்டாதீர்கள்

மலிவான வழி என்று பட்டறையில் முதலில் சொல்லப்படுவது காயில் கட்டிங். வேண்டாம் என்பதற்கு மூன்று காரணங்கள்.

ஒன்று, விறைப்பு. இயங்கும் சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் விறைக்கும். 8 சுற்றில் 1 சுற்றை வெட்டினால் விறைப்பு சுமார் 14 சதவீதம் கூடுகிறது. பழைய ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் அளவுக்குச் செய்யப்பட்டது. புதிய துள்ளலை அதனால் முழுவதும் அடக்க முடியாது.

இரண்டு, முனை. ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று, கீழே உள்ள தட்டில் படிந்து உட்கார்வதற்கென்றே வளைக்கப்பட்டது. வெட்டிய முனையைக் கையில் எடுத்துப் பாருங்கள். கட்டிங் வீல் விட்ட கூரான விளிம்பு, அதைச் சுற்றிச் சூட்டில் கருநீலமாக மாறிய உலோகம், உரிந்த பெயின்ட். தட்டில் வைத்தால் ஓரிடத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு மற்ற பக்கம் தூக்கி நிற்கும். அந்த விளிம்பு ரப்பரை அறுக்கும், பெயின்ட் போன இடத்தில் துரு பிடிக்கும், துருப்பிடித்த இடத்திலிருந்து விரிசல் தொடங்கும்.

மூன்று, நீளம். சக்கரம் பெரிய பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் முழுதாக விரிந்தும் இரண்டு தட்டுகளையும் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். குட்டையான ஸ்பிரிங் அப்போது தளர்ந்து ஆடும். இடம் விட்டு நகர்ந்தும் போகலாம். இன்னோவாவின் பின்பக்கத்தில் ஸ்பிரிங் ஷாக்கோடு சேராமல் தனியாக உட்கார்ந்திருப்பதால் அங்கே ஆபத்து அதிகம்.

கேஸ் டார்ச்சால் சூடாக்கி உட்காரவைப்பது இதைவிடக் கேடு. ஸ்பிரிங் எஃகின் பலம் முழுக்க அதற்குக் கொடுத்த வெப்பப் பதத்தில் இருக்கிறது. ஒரு இடத்தில் பதம் போனால் அந்த இடம் நாளுக்கு நாள் தொய்யும். உங்கள் மாடலுக்கும் இன்ஜினுக்கும் என்றே செய்யப்பட்ட முழு ஸ்பிரிங், அதற்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பர் என்று செட்டாக வாங்குங்கள். பணம் போதாவிட்டால் சேரும்வரை காத்திருங்கள்.

பின் ஸ்பிரிங் மாற்றும் முறை

முன்பக்க ஸ்பிரிங் ஷாக்கின் மேல் அழுத்தி அடைக்கப்பட்டது. அதைப் பிரிக்க நல்ல ஸ்பிரிங் கம்ப்ரஸரும் அனுபவமும் வேண்டும், பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கயிறு, கம்பி கட்டிப் பிரிக்கும் இடத்தில் வண்டியை விடாதீர்கள். விடுபட்ட ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். பின்பக்கத்தைக் கைப்பழக்கம் உள்ளவர் துணையோடு செய்யலாம்.

1. முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, கியரில் விடுங்கள். பின்சக்கர நட்டுகளை லேசாகத் தளர்த்துங்கள்.
2. கிரவுன் ஹவுசிங்கின் கீழ் ஜாக் வைத்துத் தூக்கி, சேஸிஸின் கீழ் இரண்டு பக்கமும் ஜாக் ஸ்டாண்ட் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.
3. சக்கரங்களைக் கழற்றுங்கள். ஏ.பி.எஸ். வயர், ஹேண்ட் பிரேக் கேபிள் ஆகியவற்றைப் பிடித்திருக்கும் கிளிப்புகளையும், ஸ்டெபிலைசர் லிங்க் இருந்தால் அதையும் கழற்றுங்கள்.
4. ஜாக் ஆக்ஸிலைத் தாங்கியிருக்கும்போதே இரண்டு ஷாக்குகளின் கீழ் போல்ட்டையும் எடுங்கள். ஜாக்கை மெதுவாக இறக்குங்கள். பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விறைத்தால் உடனே நிறுத்துங்கள்.
5. ஸ்பிரிங் தளர்ந்ததும் எடுங்கள். மேல் கீழ் ரப்பர்களில் வெடிப்பு இருந்தால் புதிது போடுங்கள். புதிய ஸ்பிரிங்கின் முனை தட்டில் உள்ள பள்ளத்தில் சரியாகப் பொருந்தும்படி திருப்பி வையுங்கள்.
6. ஆக்ஸிலைத் தூக்கி எல்லா போல்ட்டுகளையும் மாட்டுங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை இப்போது முழுதாக முறுக்காதீர்கள். சக்கரம் போட்டு, வண்டி தன் எடையில் தரையில் நின்ற பிறகு, சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க்கில் முறுக்குங்கள். தொங்கும் நிலையில் முறுக்கினால் வண்டி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் ஆர்ம் புஷ்களுக்கும் இதே விதி. உயரம் மாறிவிட்டதால் அவற்றின் போல்ட்டுகளைத் தளர்த்தி, புதிய உயரத்தில் மறுபடி முறுக்க வேண்டும்.

பழைய ஸ்பிரிங்குகளைத் துடைத்து, இடது வலது எழுதி, வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

வேலை முடிந்தபின் சரிபார்ப்பது

வீல் அலைன்மென்ட்: தாழ்ந்த டபுள் விஷ்போனில் சக்கரத்தின் தலை உள்ளே சாயும், சக்கரம் நேரே பார்க்கும் கோணமான டோவும் மாறும். அன்றே அலைன்மென்ட் செய்யுங்கள். ஸ்பிரிங் படிந்த பின், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும், மறுபடி ஒருமுறை. டோ தவறாக இருந்தால் புது டயரின் ஒரு பக்கம் சில மாதங்களிலேயே தேய்ந்துவிடும்.

பின் ஆக்ஸில்: ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடிப்பது ஒரு குறுக்குக் கம்பி. அதன் ஒரு முனை சேஸிஸில், மறு முனை ஆக்ஸிலில். பாடி இறங்கினால் கம்பியின் சாய்வு மாறி, ஆக்ஸில் சில மில்லிமீட்டர் ஒரு பக்கம் நகரும். இரண்டு பக்கமும் டயருக்கும் உள்சுவருக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்.

பிரேக்: வண்டியில் பின் ஆக்ஸிலோடு கம்பியால் இணைந்த லோடு சென்சிங் வால்வு இருந்தால் மிகவும் கவனம். பாடி தாழ்ந்ததை அந்த வால்வு பளு ஏறியதாக எடுத்துக்கொண்டு, காலி வண்டியிலும் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். ஈரச்சாலையில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். தெரிந்தவர் கையால் அதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

அதிர்வு: 60-80 கி.மீ. வேகத்தில் புதிதாக ஓர் உறுமலோ அதிர்வோ தெரிந்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறியிருக்கலாம். பழகிவிடும் என்று விடாதீர்கள்.

ஹெட்லைட்: முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு இறங்கினால் வெளிச்சம் படும் இடம் மாறும். சுவருக்கு எதிரே நிறுத்திச் சரிசெய்யுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மறுபடி ஏழு பேரை ஏற்றி, களிமண் சோதனையைச் செய்யுங்கள். களிமண் தட்டையாகியிருந்தால் அன்றே பழைய ஸ்பிரிங்கை மாட்டுங்கள். செலவழித்த பணத்தை நினைத்து ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்; அந்த வாரத்திலும் பின்வரிசையில் உட்காரப்போவது உங்கள் பிள்ளைகள்தான்.